வேலைக்கும் கேமுக்கும் ஒரே லேப்டாப்... பில் போடும் முன் கடையில் என்ன கேட்கணும்?

சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூரில் இருந்து தினமும் காரைக்குடிக்கோ மதுரைக்கோ பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்களுக்கு, இரண்டரை கிலோ கேமிங் லேப்டாப் தோளுக்குச் சுமைதான். அப்போ எதை வாங்கலாம்?

எடை: 14 இன்ச் திரை, ஒன்றரை கிலோவுக்குள் இருந்தால் நல்லது. சார்ஜர் எடையையும் சேர்த்துப் பாருங்க. டைப்-சி போர்ட்டில் சார்ஜ் ஏறும் மாடல் என்றால், பெரும்பாலும் 65 வாட்ஸ் சின்ன சார்ஜரே போதும்.

கிராபிக்ஸ்: வேலரண்ட், மைன்கிராஃப்ட் போன்ற கேம்களுக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு கட்டாயமில்லை. பிராசஸரோடு வரும் கிராபிக்ஸே சமாளிக்கும். ஆனால், அது ரேமில்தான் பங்கு கேட்கும்.

ரேம்: அதனால் 16 ஜிபி எடுங்க. ஒரே 16 ஜிபி ரேமை விட, இரண்டு 8 ஜிபியாக இருந்தால் கேம் வேகமாக ஓடும். மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். 8 ஜிபி வாங்கிவிட்டு 'பிறகு ஏத்திக்கலாம்' என்பது அதில் நடக்காது.

தனி கார்டு வேணுமா? ஆர்டிஎக்ஸ் 4050 என்ற ஒரே பெயரில் 35 வாட்ஸ் முதல் 115 வாட்ஸ் வரை வருகிறது. வாட்ஸ் குறைந்தால் வேகமும் குறையும். ஸ்டிக்கரில் பெயர் மட்டும்தான் இருக்கும். எத்தனை வாட்ஸ் என்று கேட்ட பிறகே பணத்தைக் கட்டுங்க.