மறைகுறிப்புக் குறுக்கெழுத்து: குறிப்பு ஆக்கமும் மதிப்பீடும்

ஆய்வுச் சுருக்கம்

இங்கிலாந்தில் வளர்ந்த மறைகுறிப்புக் குறுக்கெழுத்தில் ஒவ்வொரு குறிப்பும் ஒரு சிறு இலக்கிய வடிவமாகவே இயங்குகிறது. நேர்பொருள், சொல்லாட்டு, மேற்பொருள் ஆகிய மூன்றும் ஒரே தொடருக்குள் பொருந்த வேண்டும் என்பதே அதன் இலக்கணம். இவ்விலக்கணம் உருவான வரலாற்றையும், குறிப்புகளை மதிப்பிடப் பயன்படும் அளவுகோல்களையும் இக்கட்டுரை விளக்குகிறது. அவ்வளவுகோல்கள் தமிழின் வேற்றுமை, புணர்ச்சி அமைப்புகளில் எவ்வாறு செயற்படும் என்பதைத் தமிழ்க் குறிப்புகள் சிலவற்றைக் கொண்டு ஆராய்கிறது.

குறிச்சொற்கள்: குறுக்கெழுத்து, மறைகுறிப்பு, சிலேடை, மிறைக்கவி, நேர்மை, மதிப்பீடு

முன்னுரை

ஆர்தர் வின் ஆக்கிய முதற் குறுக்கெழுத்துப் புதிர் 1913ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் ‘நியூயார்க் வேர்ல்டு’ நாளிதழில் வெளிவந்தது. அப்புதிரில் குறிப்பு என்பது விடையின் பொருளை நேராகச் சொல்வதாகவே இருந்தது. பொருளை மறைத்துச் சொல்லும் வகை இங்கிலாந்தில் 1920களில் தோன்றியது. நேர்க்குறிப்பில் விடை காண்போர் தம் சொல்வளத்தை மட்டும் நம்பியிருக்கிறார். மறைகுறிப்பிலோ விடைக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று சொல்லின் பொருள். மற்றொன்று சொல்லின் எழுத்துகள். இரண்டு வழிகளும் ஒரே சொல்லில் வந்து முடியும்போது விடை தன்னைத் தானே உறுதிசெய்கிறது.

இவ்வமைப்பின் காரணமாகவே நல்ல குறிப்பு எது, தீய குறிப்பு எது என்னும் வினா எழுகிறது. ஏமாற்றுவதே குறிப்பின் தொழில். ஆயினும் அது நேர்மையாக ஏமாற்ற வேண்டும். ஏமாற்றுக்கும் நேர்மைக்கும் இடையிலான எல்லையை வரையறுப்பதே குறிப்பு மதிப்பீட்டின் மையச் சிக்கலாகும்.

வரலாற்றுப் பின்னணி

எட்வர்டு போவிஸ் மாதர்ஸ் 1926 முதல் ‘அப்சர்வர்’ வார இதழில் ‘டார்க்குமாடா’ என்னும் புனைபெயரில் புதிர்களை வெளியிட்டார். குறிப்புகள் அனைத்தையும் மறைகுறிப்பாகவே அமைக்கும் முறையை நிலைநிறுத்தியவர்களுள் அவர் முதன்மையானவர். 1939இல் அவர் மறைந்தபின் அப்பணியை ஏற்ற டெரிக் சாமர்செட் மக்நட் பின்னர் ‘சிமெனீஸ்’ என்னும் பெயரைச் சூடிக்கொண்டார். அவருக்குப் பின் 1972இல் ஜொனாதன் குரோதர் ‘ஏசெட்’ என்னும் பெயரில் தொடங்கினார். டார்க்குமாடா, சிமெனீஸ் ஆகிய இரண்டும் ஸ்பெயின் நாட்டுச் சமய விசாரணைத் தலைவர்களின் பெயர்கள். மூன்றாம் பெயர் அவ்வரிசையில் வந்த ‘டேசா’ என்பவரின் பெயரை ஆங்கில எழுத்துகளில் தலைகீழாக்கியது. விடை காண்போரை வதைப்பவர் என்னும் எள்ளல் இப்பெயர்களில் உண்டு. ஆனால் வதைக்கும் விசாரணைக்கும் விதிகள் வேண்டும் என்று வற்புறுத்தியவர்களும் இவர்களே.

விதியின் வித்தை 1949இல் ‘ஆஃப்ரிட்’ என்னும் புனைபெயரினரான அலிஸ்டர் பெர்குசன் ரிச்சி ஊன்றினார். புதிராக்குநர் தாம் சொல்வதையே கருத வேண்டுவதில்லை, ஆனால் தாம் கருதுவதைச் சொல்லியே தீர வேண்டும் என்பது அவர் நெறியின் சாரம். சிமெனீஸ் 1966இல் வெளியிட்ட குறுக்கெழுத்துக் கலை பற்றிய நூலில் இந்நெறியை விரித்து முறைப்படுத்தினார். ஏசெட் இதனை மேலும் சுருக்கி, நல்ல குறிப்பில் துல்லியமான நேர்பொருளும் நேர்மையான துணைக்குறிப்பும் மட்டுமே இருக்க வேண்டும், மூன்றாவதாக எதுவும் கூடாது என்று வகுத்தார்.

இதற்கு மறுதலையான போக்கும் உண்டு. ‘கார்டியன்’ நாளிதழின் ‘அரவுகேரியா’ எனப்பட்ட ஜான் கிரகாம் (1921–2013) விதியின் எழுத்தைவிடக் குறிப்பின் உயிர்ப்பையே பெரிதாகக் கொண்டவர். தமக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் வந்திருப்பதை 2013ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் தம் புதிர் ஒன்றின் விடைகள் வழியாகவே வாசகர்க்குத் தெரிவித்தார். இறப்பை எதிர்நோக்கிய ஒருவர் தம் வாசகரோடு பேசத் தேர்ந்த மொழி இதுவென்றால், இவ்வடிவம் தாங்கக்கூடிய பொருளின் எல்லையைப் பொழுதுபோக்கு என்னும் சொல் முழுதும் உணர்த்தாது.

குறிப்பின் உறுப்புகள்

மறைகுறிப்பில் மூன்று உறுப்புகளைப் பிரித்தறியலாம். விடையின் பொருளைத் தருவது நேர்பொருள். இது பெரும்பாலும் குறிப்பின் தொடக்கத்திலோ இறுதியிலோ அமையும். விடையின் எழுத்துகளைத் தருவது சொல்லாட்டு. இதனுள் எழுத்துகளை வழங்கும் மூலச்சொல்லும், அவ்வெழுத்துகளை என்ன செய்ய வேண்டும் என்று கூறும் சுட்டுச்சொல்லும் அடங்கும். குறிப்பை இயல்பான தொடராகப் படிக்கும்போது தோன்றுவது மேற்பொருள். விடை காண்போரைத் திசைதிருப்புவது இதுவே.

தமிழில் இவற்றை விளக்கப் பின்வரும் குறிப்புகள் உதவும். அடைப்பிலுள்ள எண், விடையின் எழுத்துகளைக் குறிக்கும்; உயிர்மெய் ஓரெழுத்தாகவும் புள்ளி பெற்ற மெய் ஓரெழுத்தாகவும் கொள்ளப்படும்.

1. தந்த வளையலுக்குள் ஒளிந்து மழையில் கத்துவது (3)
2. குழம்பிய நகரம் பாவிகள் சேருமிடம் (4)
3. கொடு என்றதும் மான் வந்த குளத்தில் மலர்வது (3)
4. யானைக்குக் கரும்பு (3)

முதற்குறிப்பில் ‘தந்த வளையல்’ என்னும் எழுத்துகளுக்குள்ளேயே ‘தவளை’ ஒளிந்திருக்கிறது. இரண்டாவதில் ‘நகரம்’ என்பதன் எழுத்துகள் குழம்பி ‘நரகம்’ ஆகின்றன. மூன்றாவதில் ‘கொடு’ என்பதற்கு ஈடான ‘தா’ முன்வர, மான் வகையான ‘மரை’ பின்வந்து ‘தாமரை’ பிறக்கிறது. நான்காவதில் யானையையும் கரும்பையும் ஒருங்கே குறிக்கும் ‘வேழம்’ விடையாகும்.

தமிழ் மரபோடு ஒப்பீடு

இவ்வடிவம் தமிழுக்குப் புதிதாயினும் இதன் கருவிகள் புதியனவல்ல. தொல்காப்பியம் பிசி என்னும் வகையைச் செய்யுளியலில் வைத்துப் பேசுகிறது. தண்டியலங்காரம் சிலேடையைச் செம்மொழி, பிரிமொழி என இரண்டாகப் பகுக்கிறது. அந்நூல் சொல்லணியியலில் கூறும் மிறைக்கவிகள் சொல்லாட்டின் வகைகளோடு வியக்கத்தக்க அளவில் ஒத்துள்ளன. எழுத்துகளை ஒவ்வொன்றாகக் குறைத்து வெவ்வேறு சொற்களைப் பெறும் அக்கரச்சுதகமும், கூட்டிப் பெறும் எழுத்து வருத்தனமும், வினாக்களின் விடைகளை இணைத்து ஒரு சொல்லாக்கும் வினாவுத்தரமும், ஒரு செய்யுளுக்குள் மற்றொன்றை மறைக்கும் கரந்துறைச் செய்யுளும் இவ்வகையின. மேற்காட்டிய முதற்குறிப்பு கரந்துறையின் சாயலுடையது. மூன்றாவது வினாவுத்தரத்தின் சாயலுடையது. நான்காவது செம்மொழிச் சிலேடை.

எனினும் பயன்பாட்டில் ஒரு வேறுபாடு உண்டு. மிறைக்கவி புலவனின் ஆற்றலைப் புலப்படுத்துவது. அதன் நுட்பத்தை உரையாசிரியர் விளக்கியபின் கற்போர் வியக்கிறார். மறைகுறிப்பில் உரையாசிரியர் இல்லை. விடை காண்போர் தாமே அந்நுட்பத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். ஆகவே அதற்கு வேண்டிய அனைத்தும் குறிப்புக்குள்ளேயே இருக்க வேண்டும் என்னும் கடப்பாடு புதிராக்குநர்க்கு ஏற்படுகிறது. நேர்மை என்னும் அளவுகோல் அழகியலிலிருந்து பிரிந்து அறமாக நிற்பது இவ்விடத்தில்தான்.

தமிழ் இலக்கணம் எழுப்பும் சிக்கல்கள்

ஆங்கிலத்தில் நடந்த விவாதங்கள் சில தமிழில் எழுவதேயில்லை. இயற்பெயரின் முதலெழுத்தைச் சிறிதாக எழுதி மறைக்கலாமா என்பது அங்கே பெரும் வழக்கு. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பாகுபாடே இல்லாத தமிழில் அவ்வழக்குக்கு இடமில்லை. அதற்கு ஈடாக வேறு மூன்று சிக்கல்கள் எழுகின்றன.

முதலாவது, வேற்றுமை. ‘குழம்பிய நகரம்’ என்பதில் மூலச்சொல் முழுமையாக நிற்கிறது. ‘நகரத்தைக் குழப்பினால்’ என்று எழுதினால் மூலச்சொல் அத்துச் சாரியையும் உருபும் ஏற்றுத் திரிந்துவிடுகிறது. குலைக்க வேண்டிய எழுத்துகள் குறிப்பில் உள்ளபடி இல்லை. உருபை நீக்கி எழுவாய் வடிவைக் கொள்ளுதல் வழக்காற்றில் ஏற்கத்தக்கதே. ஆயினும் எழுவாய் வடிவிலேயே மூலச்சொல் நிற்கும் குறிப்பு ஒருபடி உயர்ந்தது எனக் கொள்வது நெறிக்கு இசைவானது.

இரண்டாவது, புணர்ச்சி. கரந்துறை வகையில் விடை இரு சொற்களின் எல்லையைக் கடந்து நிற்கும். வருமொழி வல்லினத்தில் தொடங்கினால் இடையே ஒற்று மிகுந்து விடையைப் பிளந்துவிடக்கூடும். ஒற்று மிகவேண்டிய இடத்தில் அதனை விட்டெழுதுவது விடைக்காக இலக்கணத்தைப் பலியிடுவதாகும். ‘தந்த வளையல்’ இத்தடையின்றி அமைகிறது. அத்துடன் ‘தந்த’ என்பது யானைத் தந்தத்தையும் கொடுத்தலையும் ஒருங்கே நினைவூட்டுவதால் மேற்பொருளும் வலுப்பெறுகிறது.

மூன்றாவது, இணைப்புருபு. ‘யானைக்குக் கரும்பு’ என்பதிலுள்ள நான்காம் வேற்றுமை உருபு இரு பொருள்களையும் இணைக்கிறது. மூன்றாவதாக எதுவும் கூடாது என்னும் விதியை இறுக்கமாகக் கொண்டால் இவ்வுருபு மிகை. ‘யானை என்பதற்குக் கரும்பு என்பது ஈடு’ எனக் கொண்டால் உருபும் தன் கடமையைச் செய்கிறது. இரண்டாம் விளக்கமே தகும். உருபின்றித் தமிழ்த் தொடர் இயங்குவது அரிதாகையால், உருபுக்கு மறைபொருளிலும் ஒரு பணி உண்டா என்று நோக்குவதே பொருத்தமான சோதனையாகும்.

மதிப்பீடு: ஒரு விடை, மூன்று குறிப்புகள்

‘அப்சர்வர்’ போட்டிகளில் ஒரு சொல்லைக் கொடுத்து அதற்கு வாசகர்களிடமிருந்து குறிப்புகள் பெறப்பட்டன. முதல் மூன்று பரிசுகளுக்குப் பின் மிகு பாராட்டு, பாராட்டு என்னும் நிலைகள் இருந்தன. தேர்ந்த குறிப்புகளும் நடுவரின் கருத்துரையும் அச்சுத்தாளாகப் போட்டியாளர்க்குச் சென்றன. தீர்ப்போடு காரணமும் சொல்லப்பட்டதால் அத்தாள்கள் ஒரு திறனாய்வு மரபாகவே வளர்ந்தன. அம்முறையைப் பின்பற்றி ‘குடம்’ என்னும் விடைக்கு மூன்று குறிப்புகளை நோக்கலாம்.

அ. மகுடத்தின் தலையை வெட்டினால் பானை (3)
ஆ. அரசன் தலை போனதும் மகுடம் தண்ணீர் எடுக்க உதவுவது (3)
இ. தலையிழந்த மகுடம் தண்ணீர் சுமக்கும் (3)

மூன்றும் ‘மகுடம்’ என்பதன் முதலெழுத்தை நீக்கும் ஒரே உத்தியைக் கையாள்கின்றன. முதற்குறிப்பின் சொல்லாட்டில் ஐயமில்லை. ஆனால் பானை வேறு, குடம் வேறு. நேர்பொருள் துல்லியமாக இல்லை. மகுடத்தின் தலையை வெட்டுதல் என்னும் காட்சியும் உலகில் நிகழாதது. ஆகவே உத்தி முதற்பார்வையிலேயே வெளிப்படுகிறது.

இரண்டாவது, மூன்றனுள் கவர்ச்சி மிக்கது. ஆட்சி வீழ்ந்தபின் மணிமுடி தண்ணீர் மொள்ளும் கலமாகிவிட்ட அவலத்தை ஒரே வரியில் காட்டுகிறது. அனுபவம் குறைந்த நடுவர் பரிசை இதற்கே வழங்கக்கூடும். ஆனால் ‘அரசன்’ என்னும் சொல்லுக்கு மறைபொருளில் வேலை இல்லை. அதனினும் பெரிய குற்றம், குறிப்பு தலையிழக்கச் சொல்வது அரசனை. தலையிழக்க வேண்டியதோ மகுடம். சொல்லியபடி செய்பவர் விடையை அடைய முடியாது. கருதியதைச் சொல்லாத குறிப்பு இது. மேற்பொருளின் அழகு இக்குறையை ஈடுசெய்யாது. மாறாக அதனை மறைக்கிறது.

மூன்றாவது குறிப்பில் ‘தலையிழந்த’ என்பது சூடிய தலையை இழந்த மகுடத்தையும் முதலெழுத்தை இழந்த சொல்லையும் ஒருங்கே குறிக்கிறது. மிகைச்சொல் ஒன்றுமில்லை. ஆயினும் விடை பெயர்ச்சொல். ‘சுமக்கும்’ என்பதோ இங்கே வினைமுற்று. குடம் தண்ணீர் சுமக்கும் என்னும் தொடராகப் பார்த்தால் குற்றமில்லை என வாதிடலாம். விடை இருக்கும் இடத்தில் நேர்பொருளை வைத்துப் பார்க்கும் சோதனையில் அவ்வாதம் நில்லாது. ‘சுமப்பது’ என வினையாலணையும் பெயராக மாற்றினால் குறை நீங்குகிறது. ‘தலையிழந்த மகுடம் தண்ணீர் சுமப்பது’ என்னும் வடிவில் நேர்பொருள், சொல்லாட்டு, மேற்பொருள் மூன்றும் நிறைவு பெறுகின்றன.

இவ்வாய்வு ஒரு வரிசைமுறையைக் காட்டுகிறது. சொல்லாட்டு சொன்னபடி செய்தால் விடை கிடைக்கிறதா என்பது முதல் வினா. நேர்பொருள் விடைக்கு இலக்கண வகையாலும் பொருளாலும் ஈடாகிறதா என்பது இரண்டாவது. வேலையற்ற சொல் உண்டா என்பது மூன்றாவது. இம்மூன்றிலும் தேறிய குறிப்புகளிடையேதான் மேற்பொருளின் இயல்பும் அழகும் நகையும் ஒப்பிடப்பட வேண்டும். வரிசையை மாற்றி அழகை முதலில் நோக்கும் நடுவர், விடை காண்போர் கெட்ட வழியில் சென்று தோற்றதை அவர்தம் குறையாகக் கருத நேரும்.

முடிவுரை

மறைகுறிப்பின் இலக்கணம் புதிராக்குநர்க்கும் விடை காண்போர்க்கும் இடையிலான ஓர் எழுதா உடன்பாடாகும். புதிராக்குநர் தோற்பதற்காகவே ஆடுகிறார். விடை கண்டபின் ‘இது முன்னமே கண்ணெதிரில் இருந்ததே’ என்று வாசகர் உணர்வதே அவர் பெறும் வெற்றி. அவ்வுணர்வு நேர்மையான குறிப்பிலிருந்து மட்டுமே பிறக்கும். வட அமெரிக்கத் தமிழ் இதழான ‘தென்றல்’ போன்றவற்றில் வெளிவந்த தமிழ் மறைகுறிப்புப் புதிர்கள் இவ்வடிவம் தமிழில் இயலும் என்பதை மெய்ப்பித்துள்ளன. வேற்றுமை, புணர்ச்சி, வினையாலணையும் பெயர் ஆகியவற்றை அளவுகோலாகக் கொண்ட மதிப்பீட்டு நெறி வகுக்கப்பெறின், சிலேடையும் மிறைக்கவியும் கற்பிக்கப்படும் வகுப்பறைகளில் மறைகுறிப்பு ஆக்கம் பயனுள்ள பயிற்சியாக அமையும். தண்டியலங்காரம் இலக்கணம் வகுத்த கருவிகளை மாணவர் தம் கையால் எடுத்துப் பயன்படுத்த அது வாய்ப்பளிக்கும்.