ராட்சத கணவாய் கப்பலையே கவிழ்க்குமா? வங்கக்கடலில் 1874-ல் கிளம்பிய கதையும் உண்மையும்

விருத்தாசலத்தில் இருந்து கடலூர் கடற்கரைக்கு போகணும்னா சுமார் 60 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். பீங்கான் தொழிலுக்கு பெயர் போன இந்த ஊரில் கடல் இல்லை, ஆனால் கடல் மீன் உண்டு. கடலூர் துறைமுகத்திலும் பரங்கிப்பேட்டையிலும் இறங்கும் கணவாய், ஐஸ் பெட்டியில் ஏறி இந்த ஊர் மார்க்கெட்டுக்கும் வந்து சேர்கிறது. அதே ஊரில் செல்போனைத் திறந்தால் வேறொரு கணவாய் வருகிறது. படகை வளைத்துப் பிடிக்கிற, மனிதனை இழுத்துச் செல்கிற, தென்னைமரம் உயர கைகள் கொண்ட கணவாய்.

"கடலுக்குள்ள இப்படி ஒண்ணு இருக்கா? நம்ம பசங்க கடலூர் பீச்சுல குளிக்கப் போறாங்களே?" என்று இந்த வீடியோக்களைப் பார்ப்பவர்கள் கேட்கிறார்கள். ராட்சத கணவாய் உண்மையா, மனிதனுக்கு ஆபத்தா என்பதை இந்த தொகுப்பில் பார்க்கலாம்.

ராட்சத கணவாய் உண்மையில் இருக்கிறதா?

இருக்கிறது. அதன் அறிவியல் பெயர் ஆர்க்கிடியூத்திஸ் டக்ஸ். டென்மார்க் விலங்கியலாளர் யாப்பெட்டஸ் ஸ்டீன்ஸ்ட்ரப் 1857-ல் இந்தப் பெயரை வைத்தார்.

நம்ம ஊரில் ஊசிக்கணவாய், ஓட்டுக்கணவாய், பேய்க்கணவாய் என்று மூன்று வகையாகப் பிரித்துச் சொல்வார்கள். ராட்சத கணவாய் இதில் ஊசிக்கணவாய் குடும்பத்துக்கு நெருக்கமான உறவு. அதே மாதிரி 8 கைகள், இரை பிடிக்க 2 நீண்ட கரங்கள், நடுவில் கிளி மூக்கு போன்ற அலகு. அளவுதான் வேறு.

எவ்வளவு பெரியது?

பெண் கணவாய், நீண்ட கரங்களையும் சேர்த்து சுமார் 12 முதல் 13 மீட்டர் வரை வளரலாம். ஆனால் இதில் உடல் பகுதி சுமார் 2 மீட்டர்தான், மற்றதில் பெரும்பங்கு அந்த இரண்டு கரங்கள். எடை அதிகபட்சம் சுமார் 275 கிலோ. 20 மீட்டர், 30 மீட்டர் என்று வரும் தகவல்கள் நிரூபிக்கப்படாதவை. இறந்த கணவாயின் கரம் ரப்பர் மாதிரி நீளும். அதை இழுத்து வைத்து அளந்தால் எந்தக் கணவாயும் ராட்சதன்தான்.

அதன் கண்ணின் விட்டம் 27 சென்டிமீட்டர் வரை இருக்கும். அதாவது நாம் சோறு சாப்பிடும் ஒரு பெரிய பீங்கான் தட்டு அளவு. இருட்டான ஆழத்தில் தன்னை வேட்டையாட வரும் எண்ணெய்த் திமிங்கலத்தை தூரத்திலேயே கண்டு தப்பிக்கத்தான் இவ்வளவு பெரிய கண் என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். சொல்லப்போனால், அது பயந்து வாழும் உயிரினம்.

வங்கக்கடலில் கப்பலை கவிழ்த்ததா?

ராட்சத கணவாய் பற்றிய உலகின் மிகப் பிரபலமான கதைகளில் ஒன்று நம்ம வங்கக்கடலில்தான் நடந்ததாகச் சொல்லப்படுகிறது. 1874 ஜூலை 4-ம் தேதி லண்டன் 'தி டைம்ஸ்' நாளிதழில் அது வெளியானது.

'பேர்ல்' என்பது 150 டன் பாய்மரக் கப்பல். மொரிஷியஸில் இருந்து ரங்கூனுக்கு நெல் ஏற்றி வரப் போன அந்தக் கப்பல், வழியில் தண்ணீர் பிடிக்க இலங்கையின் காலி துறைமுகத்துக்கு வந்தது. அங்கிருந்து கிளம்பிய மூன்று நாளில் காற்று நின்றுபோய், கப்பல் நடுக்கடலில் அசையாமல் நின்றது. இடம், திருகோணமலைக்கு கிழக்கே சுமார் 300 கிலோமீட்டர். தேதி, மே 10, மாலை 5 மணி. பழுப்பு நிறத்தில் பெரிய உருவம் ஒன்று மிதக்க, கேப்டன் துப்பாக்கியால் சுட்டார். அது நேராக வந்து கப்பலை கைகளால் வளைத்துக் கவிழ்த்ததாம். தப்பியவர்களை, கொழும்பில் இருந்து சென்னை நோக்கிச் சென்ற 'ஸ்ட்ராத்ஓவன்' என்ற நீராவிக் கப்பல் காப்பாற்றியதாம்.

இதை நம்பலாமா? மூன்று விஷயங்கள் இடிக்கின்றன.

முதலாவது, ஆதாரம். வெட்டப்பட்ட ஒரு கை, ஓர் அலகு, ஓர் உறிஞ்சி என்று பரிசோதிக்கக்கூடிய எதுவும் இந்தக் கதைக்குப் பின்னால் இல்லை. பத்திரிகைச் செய்தி மட்டும்தான்.

இரண்டாவது, எடை. 275 கிலோ என்பது நான்கைந்து பேரின் எடை. அத்தனை பேர் பக்கவாட்டில் தொங்கினாலும் 150 டன் கப்பல் கவிழாது.

மூன்றாவது, நேரம். அதற்கு சில மாதங்களுக்கு முன்பு, 1873 அக்டோபரில், கனடா பக்கம் உள்ள நியூஃபவுண்ட்லாந்தில் ஒரு சம்பவம் நடந்தது. அதற்கு ஆதாரம் உண்டு. மிதந்த உருவத்தை மீனவர்கள் கொக்கியால் குத்த, அது படகின் மேல் கரத்தைப் போட்டது. மீனவர்கள் கோடரியால் அதை வெட்டினார்கள். வெட்டுப்பட்ட கரத்தின் சுமார் 19 அடி நீளத் துண்டை மோசஸ் ஹார்வி என்ற பாதிரியார் வாங்கி ஆய்வாளர்கள் பார்க்கும்படி செய்தார். அப்போது அது உலகச் செய்தி. 'பேர்ல்' கதையில் "இது கணவாய்" என்று முதலில் சொல்பவரும் ஒரு நியூஃபவுண்ட்லாந்து மாலுமிதான்! அந்தச் செய்தியின் நிழல் இந்தக் கதையில் விழுந்திருக்கிறது என்று சந்தேகிக்க இதுவே போதும்.

நியூஃபவுண்ட்லாந்து சம்பவத்தில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. முதலில் குத்தியது மனிதர்கள். கையை இழந்தது கணவாய். மீனவர்கள் பத்திரமாகக் கரை திரும்பினார்கள்.

மனிதனை விழுங்குமா?

முடியாது. அதன் உடலமைப்பே அதற்கு இடம் கொடுக்காது. கணவாயின் மூளை வடை மாதிரி, நடுவில் ஓட்டையோடு இருக்கும். உணவுக்குழாய் அந்த ஓட்டை வழியாகத்தான் போகிறது. பெரிய துண்டை விழுங்கினால் மூளையே அடிபடும். அதனால் அலகால் கடித்து, அரம் போன்ற நாக்கால் சிறு சிறு துண்டாக்கித்தான் சாப்பிடும். அதன் சாப்பாடு ஆழ்கடல் மீன்களும் மற்ற கணவாய்களும்தான்.

அடுத்து, அது வாழும் இடம். பொதுவாக 300 முதல் 1,000 மீட்டர் ஆழம். பொழுதுபோக்கு ஸ்கூபா டைவிங்கின் எல்லையே 40 மீட்டர்தான். அதன் ரத்தம் குளிர்ந்த நீருக்கு ஏற்றது, வெதுவெதுப்பான மேல்மட்ட நீரில் ஆக்சிஜனை சரியாகக் கொண்டு செல்லாது. அதனால் மேலே மிதக்கும் ராட்சத கணவாய் பெரும்பாலும் சாகும் நிலையில் இருக்கும், அல்லது செத்திருக்கும்.

இவ்வளவு ஆழத்தில் வாழ்வதால்தான் அதை உயிரோடு பார்ப்பதே அபூர்வம். கடலுக்குள் உயிரோடு இருக்கும் ராட்சத கணவாயை முதன்முதலில் படம் எடுத்தது 2004-ல், ஜப்பானின் ஒகசவாரா தீவுகள் அருகே. எடுத்தவர்கள் சுனெமி குபோதெரா, கியோயிச்சி மோரி. ஆழ்கடலில் வீடியோ எடுத்தது 2012-ல்தான். அப்போ, வாட்ஸ்அப்பில் வாரம் ஒன்று வரும் வீடியோக்கள் எங்கிருந்து வருகின்றன என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இதுவரை ஒருவரையும் கொன்றதில்லையா?

ராட்சத கணவாய் மனிதனைக் கொன்றதாக உறுதி செய்யப்பட்ட சம்பவம் ஒன்றுகூட இல்லை. 2003-ல் ஒலிவியே டி கெர்சோசன் என்ற பிரெஞ்சு மாலுமியின் பந்தயப் படகின் சுக்கானை ஒரு பெரிய கணவாய் பிடித்துக்கொண்டது. படகை நிறுத்தியதும் அதுவாகவே விட்டுவிட்டுப் போய்விட்டது.

கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டிய கணவாய் வேறு ஒன்று. கிழக்கு பசிபிக்கில் வாழும் ஹம்போல்ட் கணவாய். 50 கிலோ வரை வளரும், கூட்டமாக வேட்டையாடும். டைவர்களைப் பிடித்து இழுத்ததாகப் புகார்கள் உண்டு. ஆனால் அது வங்கக்கடலில் கிடையாது.

நம்ம கடலில் எதற்கு பயப்பட வேண்டும்?

உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி, 2021-ல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். பீச்சுக்குப் போகும் குடும்பங்கள் பார்க்க வேண்டியது நீரோட்டத்தையும் அலையையும்தான். கடல் உள்ளே இழுத்தால் எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாக நீந்தி இழுப்பில் இருந்து விலக வேண்டும்.

அடுத்து சொறிமீன். பட்டால் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது. கடல்நீரால் கழுவ வேண்டும். திருக்கை முள் குத்தினால், தாங்கும் அளவு சூடான நீரில் காயத்தை வைத்தால் வலி குறையும். ஆழமாகப் பதிந்த முள்ளை நீங்களே பிடுங்காதீர்கள். மூச்சுத் திணறல், மயக்கம் இருந்தால் உடனே 108.

கணவாய் இனத்திலேயே மனிதனுக்கு விஷ ஆபத்து உள்ளது என்றால், அது உள்ளங்கைக்குள் அடங்கும் நீல வளைய பேய்க்கணவாய். இந்திய, பசிபிக் பெருங்கடல்களில் வாழ்கிறது. அழகாக இருக்கிறதே என்று கையில் எடுக்காமல் இருந்தால் போதும்.

சாப்பிடலாமா?

மார்க்கெட்டில் விற்கும் கணவாயைத் தாராளமாகச் சாப்பிடலாம். ராட்சத கணவாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ராட்சத கணவாயின் சதையில் மிதப்பதற்காக அம்மோனியா உப்பு நிறைந்திருக்கும். அதனால் நாற்றமும் கசப்பும்தான் மிஞ்சும். எண்ணெய்த் திமிங்கலத்துக்கு மட்டும் அது விருந்து. தமிழ்நாட்டில் அடிக்கடி கடத்தலில் பிடிபடும் அம்பர்கிரிஸ், செரிக்காத கணவாய் அலகுகளைச் சுற்றி அந்தத் திமிங்கலத்தின் குடலில் உருவாவதுதான்.

ஒரு பொய் வீடியோவை ஃபார்வேர்டு செய்தால் கணவாய்க்கு ஒன்றும் ஆகாது. ஆனால் விடியற்காலையில் கடலூரில் ஏலம் எடுத்து, கூடையோடு பஸ் ஏறி வரும் மீன்கார அம்மாவின் அன்றைய வியாபாரம் படுத்துவிடும். அடுத்த முறை அந்த வீடியோ வந்தால், பகிர்வதற்கு முன் இதையும் ஒரு முறை நினைத்துப் பாருங்கள்.