மன்னிப்பைச் சட்டமாக்கிய ஒரு சிறுபான்மை: நமக்கு அதில் என்ன பாடம்?

தரம் 10 மாணவர்களுக்குக் குடியியற் கல்விப் பாடத்தில் சட்டவாக்கத் துறையைப் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சட்டமூலம், முதலாம் வாசிப்பு, இரண்டாம் வாசிப்பு, குழுநிலை, வாக்கெடுப்பு என்று கரும்பலகையில் வரிசையாக எழுதி முடித்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "சேர், மகஜர் குடுத்தா சட்டம் மாறுமா? எங்கட ஜனாஸாக்கள எரிக்கிற நேரம் எவ்வளவு மகஜர் குடுத்தாங்க?" என்று கேட்டான்.

மணி அடித்துவிட்டது. "நாளைக்குப் பேசுவோம்" என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்விக்குப் பாடப்புத்தகத்தில் பதில் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஒரு சிறிய சமூகம் தனக்கு இழைக்கப்பட்ட அநீதியைச் சட்டமன்றத்தின் வழியாகவே திருத்த முடியுமா? முடிந்த ஓர் உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. மறுநாள் அதைத்தான் மாணவர்களுக்குச் சொன்னேன். அதையே சற்று விரிவாக இங்கு எழுதுகிறேன்.

ஒரு தாக்குதல், ஒரு சமூகத்தின் மீது சந்தேகம்

1941 டிசம்பர் 7 இல் ஜப்பான், பேர்ல் ஹாபர் கடற்படைத் தளத்தைத் தாக்கியது. தாக்கியது ஒரு நாட்டின் இராணுவம். பழி சுமந்ததோ அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த ஜப்பானிய வம்சாவளி மக்கள். 1942 பெப்ரவரி 19 இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 9066 ஆம் இலக்க நிறைவேற்று ஆணையில் கையெழுத்திட்டார். அதன்படி ஏறத்தாழ 1,20,000 பேர் வீடு, கடை, தோட்டம் யாவற்றையும் விட்டு முள்வேலி முகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கப் பிரஜைகள். எவர் மீதும் தனித்தனியாகக் குற்றம் சாட்டப்படவில்லை. விசாரணையும் இல்லை.

நீதிமன்றம் கைகொடுக்கவில்லை. கோரமட்சு என்பவர் தொடுத்த வழக்கில் 1944 டிசம்பரில் உயர் நீதிமன்றம் 6 இற்கு 3 என்ற பெரும்பான்மையில் அரசின் பக்கமே நின்றது.

2019 ஏப்ரலுக்குப் பின்னர் நம் வீடுகளில் நடந்த தேடுதல்களையும் பக்கத்து வீட்டாரின் பார்வை மாறியதையும் அனுபவித்த எவருக்கும் இந்தக் கதை அந்நியமாக இருக்காது.

முதலில் பதிவு, பிறகு கோரிக்கை

யுத்தம் முடிந்து முப்பது ஆண்டுகளாக அந்தச் சமூகம் பெரும்பாலும் மௌனமாகவே இருந்தது. பெற்றோர் முகாம் வாழ்க்கையைப் பற்றிப் பிள்ளைகளிடம்கூடப் பேசவில்லை. 1976 இல் ஜனாதிபதி ஃபோர்ட் அந்த ஆணையை முறைப்படி இரத்துச் செய்தார். அது நல்ல வார்த்தையாக மட்டுமே இருந்தது. 1978 இல் ஜப்பானிய அமெரிக்கக் குடிமக்கள் கழகம், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் 25,000 டொலர் நட்டஈடு வேண்டும் என்று தனது மாநாட்டில் தீர்மானித்தது. ஜப்பானிய வம்சாவளியைச் சேர்ந்த செனட்டரான ஹயகாவாவே அதைப் பகிரங்கமாக எதிர்த்தார்.

அப்போது கொங்கிரஸில் அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வேறு நால்வர் இருந்தனர். செனட்டில் டெனியல் இனோயேயும் ஸ்பார்க் மட்சுனாகாவும், பிரதிநிதிகள் சபையில் நோர்மன் மினேட்டாவும் ரொபர்ட் மட்சுயியும். கழகத்தின் தலைவர்கள் 1979 இல் இவர்களைச் சந்தித்தபோது கிடைத்த ஆலோசனை பலருக்குப் பிடிக்கவில்லை. "இப்போதே பணம் கேட்காதீர்கள். என்ன நடந்தது என்பதே நாட்டு மக்களுக்குத் தெரியாது. முதலில் ஓர் உத்தியோகபூர்வ ஆணைக்குழுவைக் கேளுங்கள்" என்பதே அதன் சாரம்.

இது காலம் கடத்தும் வேலை என்று கோபப்பட்டவர்கள் உண்டு. சிக்காகோவைச் சேர்ந்த வில்லியம் ஹோரி தலைமையில் ஒரு பிரிவினர் விலகிச் சென்று, பின்னர் 2,700 கோடி டொலர் கேட்டு அரசுக்கு எதிராக வழக்கே தொடுத்தனர். லொஸ் ஏஞ்சலிஸில் இன்னொரு மக்கள் அமைப்பு உருவானது. சமூகம் மூன்று திசையில் நின்றது. ஆனால் ஒருவரையொருவர் துரோகி என்று கூறி வேலையை நிறுத்திவிடவில்லை. வழக்கு இறுதியில் வெற்றி பெறவில்லை. ஆனாலும் அவ்வளவு பெரிய தொகைக்கு வழக்கு நிலுவையில் இருந்தபோது, கொங்கிரஸ் முன்னிருந்த கோரிக்கை நியாயமானதாகவும் மிதமானதாகவும் தெரிந்திருக்கும் என்பது என் கருத்து.

1980 ஜூலையில் ஆணைக்குழு அமைக்கும் சட்டம் வந்தது. 1981 இல் பல நகரங்களில் பகிரங்க அமர்வுகள் நடந்தன. 750 இற்கும் மேற்பட்டோர் சாட்சியமளித்தனர். நாற்பது வருடம் வாய் திறக்காத முதியவர்கள் ஒலிவாங்கியின் முன் அழுதார்கள். 1983 இல் ஆணைக்குழு தனது முடிவை வெளியிட்டது. இராணுவத் தேவை எதுவும் இருக்கவில்லை, இனத் துவேஷமும் யுத்தப் பதற்றமும் அரசியல் தலைமையின் தோல்வியுமே காரணம் என்றது. உயிரோடிருக்கும் ஒவ்வொருவருக்கும் 20,000 டொலரும் அரசின் மன்னிப்பும் வழங்கப்பட வேண்டும் என்று பரிந்துரைத்தது.

அன்றிலிருந்து பேசியது பாதிக்கப்பட்டவர்கள் மட்டுமல்ல, அரசின் சொந்த அறிக்கையும்தான்.

சட்டமூலம் எங்கே தூங்குகிறது?

அமெரிக்க மத்திய சட்டவாக்க முறையில் ஒரு சட்டமூலம் பல கதவுகளைத் தாண்ட வேண்டும். சபையின் துணைக்குழு, முழுக் குழு, சபை வாக்கெடுப்பு, மறு சபையிலும் அதே வரிசை, இரு சபைகளும் ஒரே வாசகத்துக்கு உடன்படுதல், பின்னர் ஜனாதிபதியின் கையெழுத்து. எந்தக் கதவிலும் அது நின்றுவிடலாம். ஒவ்வொரு கொங்கிரஸின் ஆயுளும் இரண்டு ஆண்டுகள்தான். அதற்குள் நிறைவேறாவிட்டால் சட்டமூலம் செத்துவிடும். மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்தச் சட்டமூலமும் அப்படித்தான். 1983 இல் வந்தது, குழுவைத் தாண்டவில்லை. 1985 இல் மீண்டும் வந்தது, மீண்டும் தாண்டவில்லை. 1987 இல் மூன்றாவது தடவை. இம்முறை உரிய துணைக்குழுவின் தலைமைக்கு பார்னி ஃபிராங்க் வந்திருந்தார். அவர் இதை முன்னுரிமையாக எடுத்தார். ஒரு துணைக்குழுத் தலைவர் மாறியது, ஆயிரம் கையெழுத்துக்களால் முடியாததைச் செய்தது. ஆனால் அந்தக் கதவு திறந்தபோது உள்ளே செல்ல ஆட்கள் ஆயத்தமாக இருந்தார்கள் என்பதுதான் முக்கியம்.

அமெரிக்காவில் வரிவிலக்குப் பெற்ற அமைப்புகள் சட்டமூலங்களுக்காகச் செய்யக்கூடிய பரப்புரைக்கு வரம்பு உண்டு. ஆகவே கழகம் இந்த வேலைக்கென்றே தனியான ஒரு குழுவை அமைத்தது. கிரேஸ் உயெஹாரா என்ற பெண்மணி அதை நடத்தினார். எந்த உறுப்பினருக்கு இந்த வாரம் யார் கடிதம் எழுத வேண்டும், யார் நேரில் போக வேண்டும் என்று நாடெங்குமுள்ள கிளைகளுக்குத் தகவல் போய்க்கொண்டே இருந்தது. 1987 ஜூலையில் மக்கள் அமைப்பின் சார்பில் நூற்றுக்கும் மேற்பட்டோர் சொந்தச் செலவில் வொஷிங்டன் சென்று அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினர்.

எண்ணிக்கையைப் பாருங்கள். அவர்கள் அமெரிக்க சனத்தொகையில் ஒரு வீதம்கூட இல்லை. வாக்கு வங்கியைக் காட்டி எவரையும் பயமுறுத்த முடியாது. அதனால்தான் "எங்கள் இனத்துக்கு நியாயம்" என்று மட்டும் பேசாமல், "அரசியலமைப்பு மீறப்பட்டது, நாளை இது உங்களுக்கும் நடக்கலாம்" என்று பேசினார்கள். முகாம்களிலிருந்த குடும்பங்களின் பிள்ளைகளும் சேர்ந்து போரிட்ட 442 ஆம் படைப்பிரிவின் நினைவாக, சட்டமூலத்துக்கு எச்.ஆர். 442 என்று இலக்கம் பெற்றார்கள்.

நண்பர்களும் இருந்தார்கள். கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில், 1963 வொஷிங்டன் பேரணியில், இந்தக் கழகம் பங்கேற்றிருந்தது. குடியியல் உரிமைகளுக்கான கூட்டமைப்பில் அதன் ஆரம்பகாலம் தொட்டே உறுப்பினர். அடுத்தவர் பிரச்சினைக்குப் போய் நின்றவர்களாதலால், தங்கள் பிரச்சினைக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. 1987 செப்டம்பர் 17 அன்று சபை விவாதத்தில் கறுப்பின உறுப்பினர் ரொன் டெலம்ஸ், தான் சிறுவனாக இருந்தபோது தன் நண்பனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போன நாளை நினைவுகூர்ந்தார். மினேட்டா, பத்து வயதில் தானே முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டவர். அன்று 243 இற்கு 141 என்ற வாக்குகளால் சட்டமூலம் நிறைவேறியது.

செனட்டில் மட்சுனாகா ஒவ்வொரு சக உறுப்பினரையும் தனித்தனியாகச் சந்தித்து, 70 இற்கும் மேற்பட்டோரை இணை அனுசரணையாளர்களாகச் சேர்த்தார். இந்த எண்ணுக்கு ஒரு காரணம் உண்டு. விவாதத்தை இழுத்தடிப்பதை முடிவுக்குக் கொண்டுவர 60 வாக்குகள் தேவை. எல்லோரும் சமுகமளித்திருக்கும்போது ஜனாதிபதியின் மறுப்பாணையை முறியடிக்க 67 தேவை. 1988 ஏப்ரலில் 69 இற்கு 27 என்று செனட்டும் ஏற்றுக்கொண்டது. ஆதரித்தவர்களில் குடியரசுக் கட்சியின் அலன் சிம்ப்சனும் ஒருவர். சிறுவனாகச் சாரணர் குழுவோடு முகாமுக்குச் சென்றபோது உள்ளே இருந்த மினேட்டாவுடன் நட்பானவர் அவர்.

கடைசிக் கதவு றேகன். அவரது நீதித் திணைக்களம் எதிர்த்தது. கழகத்தின் கிரான்ட் உஜிபுசா, றேகனின் கட்சியைச் சேர்ந்த நியூஜேர்சி ஆளுநர் தோமஸ் கீனைப் பிடித்தார். இத்தாலியில் உயிர்நீத்த கசுவோ மசூடா என்ற ஜப்பானிய அமெரிக்க வீரரின் குடும்பத்துக்கு 1945 டிசம்பரில் பதக்கம் வழங்கப்பட்ட நாளில், இளம் கெப்டன் றேகனும் மேடையேறிப் பேசியிருந்தார். அது அவருக்கு நினைவூட்டப்பட்டது. மசூடாவின் சகோதரியும் கடிதம் எழுதினார். 1988 ஆகஸ்ட் 10 இல் றேகன் கையெழுத்திட்டார்.

கையெழுத்தோடு முடியவில்லை

சட்டம் வந்தது, பணம் வரவில்லை. நிதி ஒதுக்கீடு என்பது வேறொரு சட்டம். முதியவர்கள் காத்திருந்தே இறந்துகொண்டிருந்தனர். 1989 இல் இனோயே, இந்தக் கொடுப்பனவை அரசு கட்டாயம் செலுத்த வேண்டிய ஒன்றாக மாற்றும் ஏற்பாட்டை நிறைவேற்றுவித்தார். 1990 ஒக்டோபர் 9 இல், மிக மூத்தவர்களிடமிருந்து தொடங்கி, முதல் காசோலைகள் வழங்கப்பட்டன. அவற்றைப் பெற்றவர்களில் 107 வயதான ஒருவரும் இருந்தார். இறுதியில் 82,000 இற்கும் அதிகமானோர் பெற்றனர்.

குறையும் உண்டு. லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து பிடித்துவரப்பட்ட ஜப்பானியர்கள் இந்தச் சட்டத்தில் சேர்க்கப்படவில்லை. 1998 இல் ஓர் இணக்கப்பாட்டின் மூலம் அவர்களுக்குக் கிடைத்தது தலைக்கு 5,000 டொலர் மட்டுமே.

அதே 1990 ஒக்டோபரின் இறுதியில்தான் வடக்கு முஸ்லிம்கள் தங்கள் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள் என்பதை இங்கு நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நம் பக்கம் திரும்பினால்

2001 செப்டம்பர் 11 இற்குப் பின்னர் அமெரிக்க முஸ்லிம்கள் மீது சந்தேகப் பார்வை திரும்பியபோது போக்குவரத்து அமைச்சராக இருந்தவர் அதே மினேட்டா. இனத்தையோ மதத்தையோ பார்த்துப் பயணிகளைத் தடுக்கக்கூடாது என்று விமான நிறுவனங்களை எச்சரித்தார். 2017 இல் முஸ்லிம் நாடுகளுக்கு எதிரான பயணத்தடை வந்தபோது கோரமட்சுவின் மகளும் நீதிமன்றில் முஸ்லிம்களுக்காகக் குரல் கொடுத்தார். ஆனாலும் 2018 இல் உயர் நீதிமன்றம் 5 இற்கு 4 எனத் தடையை அனுமதித்தது. அவ்வாறான தடைகளைக் கட்டுப்படுத்தும் சட்டமூலம் 2021 இல் பிரதிநிதிகள் சபையில் 218 இற்கு 208 என நிறைவேறியும் செனட்டில் நின்றுபோனது. ஜனாதிபதி பைடன் ஆணையால் தடையை நீக்கினார். 2025 ஜூனில் டிரம்ப் ஆணையாலேயே 12 நாடுகளுக்குப் புதிய தடை விதித்தார். ஆணையால் வந்த நிவாரணம் ஆணையால் போய்விடும்.

நமக்கும் இது பொருந்தும். 2020 ஏப்ரலில் ஒரு வர்த்தமானி ஜனாஸாக்களை எரிக்கச் சொன்னது. 2021 பெப்ரவரியில் இன்னொரு வர்த்தமானி அடக்க அனுமதித்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. வரவேற்கிறேன். ஆனால் அமைச்சரவையின் மன்னிப்பும் பாராளுமன்றத்தின் சட்டமும் ஒன்றல்ல.

நாம் மகஜர் கொடுக்கிறோம், படம் எடுக்கிறோம், கலைந்து போகிறோம். கொடுத்த மகஜர் எந்த மேசையில் இருக்கிறது, எந்தத் துறைசார் மேற்பார்வைக் குழுவுக்குப் போக வேண்டும், வர்த்தமானியில் வந்த சட்டமூலத்தை உயர் நீதிமன்றத்தில் சவாலுக்குட்படுத்த எத்தனை நாள் இருக்கிறது என்று பின்தொடர ஆள் இல்லை. எரிக்கப்பட்ட ஒவ்வொருவரின் பெயர், திகதி, வைத்தியசாலைப் பத்திரம், குடும்பத்தின் வாக்குமூலம் எல்லாம் ஓரிடத்தில் தொகுக்கப்பட்டிருக்கின்றனவா? உங்கள் ஊரில் அப்படியொரு குடும்பம் இருந்தால், இந்த வாரமே போய் எழுதி வாங்குங்கள். மலையகத் தமிழரின் காணிக் கோரிக்கைக்கும் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மாருக்கும் நாம் எத்தனை தடவை பக்கத்தில் நின்றிருக்கிறோம் என்றும் நம்மையே கேட்டுக்கொள்வோம்.

மாணவனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "மகஜர் மட்டும் குடுத்தா மாறாது. குடுத்தவங்க பத்து வருஷம் விடாமப் பின்னாலயே போனா மாறலாம், இன்ஷா அல்லாஹ்." அவன் சிறிது யோசித்துவிட்டு, "அப்ப யாரு சேர் போறது?" என்று கேட்டான். அதற்கு வகுப்பில் யாரும் பதில் சொல்லவில்லை. நானும்தான்.