பையில் அடங்கும் வண்ணத்தட்டு



எங்கள் பள்ளிக்குப் பின்னால் இருந்த ரப்பர்த் தீம்பாரை வெட்டிச் செம்பனை நடப்போகிறார்கள் என்ற செய்தி ஒருநாள் வந்தது. மரங்கள் விழுமுன் மாணவர்கள் அவற்றைப் படமாகத் தீட்டட்டும் என்று ஒரு சனிக்கிழமை காலை அழைத்துச் சென்றோம். பட்டணத்தில் வாங்கிய 24 வண்ணப் பெட்டிகள் கையில் இருந்தன. ஈர நிரையில் உட்கார இடமில்லை. பெட்டிக்கு ஒரு கை, தாளுக்கு ஒரு கை, தூரிகைக்குக் கையில்லை! பெட்டியிலிருந்த பச்சையோ எந்த இலையின் பச்சையாகவும் இல்லை. பிள்ளைகள் பாதிப் படத்தோடு திரும்பினார்கள்.

அதன்பிறகுதான் நாங்களே தட்டுச் செய்ய முனைந்தோம். உள்ளங்கையில் அடங்கும் பெப்பர்மிண்டு டின் போதும். அதன் உட்புறம் வெள்ளையாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் தட்டில் தெரியும் நிறம் ஒன்று, தாளில் விழும் நிறம் வேறொன்று. வெள்ளை எனாமல் சாயத்தை இருமுறை பூசி நன்றாகக் காயவிட்டோம். டின்னின் அடியில் விரல் நுழையுமளவு நாடா வளையம் ஒட்டினோம். இடக்கை தட்டையும் தாள் அட்டையையும் சேர்த்தே பிடித்துக்கொண்டது.

கிண்ணங்களுக்குப் போத்தல் மூடிகள் ஐந்து. இருபக்கமும் ஒட்டும் நாடாவால் ஒட்டினால் வேண்டியபோது மாற்றலாம். எலுமிச்சை மஞ்சள், காவி மஞ்சள், ஒரு சிவப்பு, அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பு. பச்சை எங்கே என்று கேட்பீர்கள். எலுமிச்சை மஞ்சளில் நீலம் கலந்து, துளி செம்பழுப்பு சேர்த்தால் ரப்பர் இலையின் பச்சை வந்துவிடும். நீலமும் செம்பழுப்பும் சேர்ந்தால் மரப்பட்டையின் சாம்பல் நிறம். பாலின் வெண்மைக்குச் சாயமே வேண்டாம். தாளை வெறுமனே விட்டால் போதும். கடற்கரைக்குப் போவதானால் காவி மஞ்சளை எடுத்துவிட்டு, பச்சை சாயலுள்ள தாலோ நீலத்தை வைக்கலாம்.

குழாயிலுள்ள நீர்வண்ணத்தை ஒரேயடியாக நிரப்பக்கூடாது. காயும்போது சுருங்கி வெடிக்கும். பாதி நிரப்பி, பல்குச்சியால் கிளறி, காய்ந்தபின் மீதியை ஊற்றவேண்டும். போஸ்டர் வண்ணம் இதற்கு உதவாது, காய்ந்தால் பொடியாக உதிரும். தேன் கலந்த வண்ணமும் நம் ஈரக்காற்றில் இறுகாமல் பைக்குள் வழிந்துவிடும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஈரத்தோடு மூடியை மூடாதிருப்பது. முதல் தட்டை அவசரமாக மூடிவைத்தோம். சில நாளில் பூஞ்சணம் பிடித்துவிட்டது! அந்த டின்னில் மீண்டும் தின்பண்டம் வைப்பதும் ஆகாது.

இந்தச் சுமைத் தொல்லை நமக்கு மட்டும் வந்ததன்று. மேனாட்டு ஓவியர்கள் ஒருகாலத்தில் எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டித் தூக்கிச் சென்றார்கள். 1841-இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் பிதுக்கும் தகரக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார்.

தட்டுகளுடன் நாங்கள் மறுபடி போனபோது பாதி நிரைகள் விழுந்திருந்தன. எஞ்சிய மரங்களைப் பிள்ளைகள் நின்றபடியே தீட்டினார்கள். பால்வெட்டுத் தொழிலாளியின் மகளொருத்தி, விழுந்த மரத்தடியில் கிடந்த மங்கைத் துடைத்து, அதிலேயே தண்ணீர் எடுத்துக்கொண்டாள்.