பத்தாண்டில் மீண்டெழுந்த கழகம்

திருக்கோணமலையில் பிரித்தானியக் கடற்படை தங்கியிருந்த காலத்தில் அதன் மாலுமிகள் கரையிலே உதைபந்தாடினர். 1957 ஆம் ஆண்டு ஒக்டோபரில் கடற்படைத் தளம் இலங்கையின் கைக்கு வந்தது. கப்பல்கள் சென்றன, பந்து நின்றது. அதன்பின் நான்கு மாதம் நிறையுமுன்னரே இங்கிலாந்துக் கழகமொன்றின் மீது பேரிடி வீழ்ந்தது. அக்கழகம் மீண்டெழுந்த வரலாற்றை நம் மாணவர் அறிதல் நன்று.

1958 ஆம் ஆண்டு பெப்ரவரி 6 ஆம் திகதி மன்செஸ்டர் யுனைற்றட் அணியினர் பெல்கிறேட் நகரில் ஐரோப்பியக் கிண்ண ஆட்டமொன்றை முடித்துத் தாயகம் திரும்பிக் கொண்டிருந்தனர். எரிபொருள் நிரப்ப மியூனிக்கில் இறங்கிய விமானம், பனிச்சேறு படிந்த ஓடுபாதையில் மூன்றாம் முறை மேலெழ முயன்று, வேகம் குன்றி மோதி நொறுங்கியது. மாண்டோர் 23 பேர். அவருள் எண்மர் ஆட்டக்காரர். டங்கன் எட்வேர்ட்ஸ் என்னும் இளைஞர் 15 நாட்கள் போராடி, 21 ஆம் வயதில் உயிர்நீத்தார்.

முகாமையாளர் மட் பஸ்பி குற்றுயிராய்க் கிடந்தார். துணைவர் ஜிம்மி மேர்பியோ மனந்தளரவில்லை. இளையோர் அணியினரையும் புதிதாய்ச் சேர்ந்தோரையும் திரட்டி, 13 ஆம் நாளே களமிறங்கி, ஷெஃபீல்ட் வெனஸ்டே அணியை 3-0 என வென்றார்.

பின்வந்த பாதை மலர்விரிப்பன்று. 1963 இல் சங்கக் கிண்ணத்தை வென்ற அதே பருவத்தில், லீக் வரிசையில் கழகம் 19 ஆம் இடத்திலே தத்தளித்தது. எனினும் 1965 இலும் 1967 இலும் லீக் வாகை சூடியது. 1968 மே 29 ஆம் திகதி வெம்பிளியில், மேலதிக நேரத்தின் பின் பென்ஃபிக்காவை 4-1 என வென்று ஐரோப்பியக் கிண்ணத்தை ஏந்தியது. இரு கோல்கள் போட்ட பொபி சார்ள்டனும், தற்காப்பில் நின்ற பில் ஃபோக்ஸும் மியூனிக்கில் உயிர்தப்பியோர் ஆவர்.

இவ்வெற்றியின் வேர் எது? டெனிஸ் லோ போன்ற வீரரைப் பெரும்பணம் கொடுத்து வாங்கியதும் உண்டு. ஆயினும் சிறுவரைத் தேடிப் பயிற்றுதலே பஸ்பியின் தலையாய கொள்கை. பெல்பாஸ்ற்றிலிருந்து 15 வயதில் வந்த ஜோர்ஜ் பெஸ்ற்றும், இறுதியாட்டத்தன்று 19 வயது நிறைந்த பிரையன் கிட்டும் அன்று கோல் போட்டனர்.

போரும் 2004 இன் ஆழிப்பேரலையும் நம் திருக்கோணமலை மாவட்டத்தையும் வாட்டின. மூதூரிலும் கிண்ணியாவிலும் மாலை தோறும் பந்து உருட்டும் சிறுவர்க்கு நல்ல பயிற்சியாளரும் இடையறாத ஊக்கமும் வேண்டும். கிண்ணம் பத்தாண்டு கழித்தே வரினும் வரட்டும். விதைப்பை இன்றே தொடங்குவோம்.