பாத்திரத்திற்கு எந்த ஈயம்?

ஈயம் என்னும் ஒரே பெயரால் இரண்டு உலோகங்கள் வழங்கி வருகின்றன. வெள்ளீயம் ஒன்று, காரீயம் மற்றொன்று. பித்தளை, செம்புப் பாத்திரங்களின் உட்புறம் பூசத்தக்கது வெள்ளீயமே. காரீயம் விஷம்.

தர்மபுரி ஜில்லா புளிக்குப் பெயர் போனது. குழம்பிலும் ரசத்திலும் புளி சேராத நாள் அரிது. புளிப்புப் பட்டால் பித்தளையில் களிம்பு ஏறும். அதனைத் தடுக்கவே ஈயப் பூச்சு. பூச்சிலேயே காரீயம் கலந்திருப்பின், புளிப்பு அதனைக் கரைத்து உணவில் சேர்த்துவிடும். அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இரத்த சோகையையும் உண்டாக்கும். இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லையென்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் முடிவு.

இக்கலப்பிற்குக் காரணம் காரீயத்தின் மலிவு மட்டுமன்று. வெள்ளீயம் 232 டிகிரி சென்டிகிரேடில் உருகும். காரீயம் 327 டிகிரியில் உருகும். ஆயினும் வெள்ளீயம் 63 பங்கும் காரீயம் 37 பங்கும் சேர்ந்த கலவை, விந்தையாக, 183 டிகிரியிலேயே இளகி ஓடும். விறகும் கரியும் மிச்சம், வேலையும் எளிது. மின்சாரக் கம்பிகளை ஒட்டுவதற்கு நெடுங்காலம் உதவிய கலவை இதுவே. சமையற் பாத்திரத்திற்குப் பூசவோ, ஒழுகும் குடத்தை அடைக்கவோ இது சிறிதும் ஆகாது. பழைய பாட்டரித் தகடுகளை வீட்டில் உருக்குதல் அதனினும் கொடிது. தூசும் புகையுமே வீட்டாரைக் கெடுக்கும்.

வெள்ளீயக் கம்பியைக் காதருகே வளைத்தால் நறநறவென ஒலிக்கும். காரீயம் ஒலிக்காது, காகிதத்தில் இழுத்தால் கருங்கோடு விழும், ஒரே பருமனுள்ள கட்டிகளில் ஒன்றரை மடங்குக்கு மேல் கனக்கும். எனினும் சிறிதளவு கலப்பை இச்சோதனைகள் காட்டிக் கொடுக்கமாட்டா. ஆகவே உற்பத்தியாளரின் முத்திரையும், நூற்றுக்கு 99.9 பங்கு சுத்தம் என்பது போன்ற குறிப்பும் பொறித்த கட்டியை ரசீதுடன் வாங்குதலே தக்க வழி. ஒரு குடும்பத்திற்கு வேண்டியது சில துண்டுகளே. அத்துண்டுகளில் முத்திரை இராது, மோசமும் அங்கேதான் நுழைகிறது. அங்கத்தினர் பலர் சேர்ந்து சங்கத்தின் மூலம் முழுக் கட்டியைத் தருவித்து, பூசுபவரிடம் அதனையே கொடுத்துக் கண்ணெதிரே பூசச் செய்யலாம்.

நவச்சாரப் புகை நெஞ்சை அடைக்குமாதலால் வேலை திறந்த வெளியில் நடக்கவேண்டும். உருகிய ஈயத்தில் ஒரு துளி நீர் விழுந்தாலும் வெடித்துத் தெறிக்கும்; குழந்தைகளை அண்டவிடலாகாது. எந்த ஈயம் பூசியதென்று தெரியாத பழைய பாத்திரத்தைச் சுரண்டிப் பார்க்க வேண்டாம். அதனைச் சமையலினின்று விலக்கி வைப்பதே போதும்.