இறக்கை இருந்தும் நடந்த பறவை

செவ்வாய்க்கிழமை மாலைகளில் மறுவாழ்வுப் பிரிவின் கூடத்தைக் கடந்து சென்றவர்கள், நான்கைந்து சக்கர நாற்காலிகள் ஒரு மேசையைச் சுற்றி நிற்பதையும், பகடை உருளும் ஓசையையும், அவ்வப்போது எழும் ஆரவாரத்தையும் கவனித்திருக்கக்கூடும். அங்கே என்ன நடக்கிறது என்று எங்களிடம் வினவியவர்கள் உண்டு. ‘ஆஸ்பத்திரியில் சூதாட்டமா?’ என்று வருந்தியவர்களும் உண்டு. இவ்விதழில் அதற்கு விடையளிக்க விரும்புகிறோம். கட்டுரையில் இடம்பெறும் நோயாளியின் இசைவைப் பெற்றே எழுதுகிறோம். அவரை அடையாளம் காட்டும் விவரங்களைத் தவிர்த்துள்ளோம்.

அங்கே நடப்பது வேடம் ஏற்று ஆடும் ஒரு கதை விளையாட்டு. அமெரிக்காவைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் 1974-இல் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பதே இவ்வகை விளையாட்டுகளுக்கு முன்னோடி. ஆடுபவர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தைத் தமதாக்கிக்கொள்கிறார். ஒருவர் மட்டும் கதையை நடத்துகிறார். ஊரையும் காட்டையும் விவரிப்பவரும் பகைவனாகவும் வழிப்போக்கனாகவும் பேசுபவரும் அவரே. முடிவு உறுதியில்லாத செயல்களுக்கு 20 முகங்கள் கொண்ட பகடை தீர்ப்பளிக்கும். பணயம் கிடையாது. இவ்விளையாட்டை எங்கள் பிரிவுக்குக் கொண்டுவந்தவர் ஒரு பயிற்சி மருத்துவர். அவர் செய்யும் வேலையை அரைமணி நேரம் பார்த்துவிட்டு, ‘இவரு கட்டியக்காரன்தானே?’ என்று நோயாளிகள் பெயரிட்டுவிட்டார்கள். தெருக்கூத்து வழங்கும் வட்டாரத்தில் அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

கதைக்களத்தையும் அவர் நம் மண்ணுக்கு மாற்றிக்கொண்டார். மேலைநாட்டுக் கோட்டைகளின் நிலவறைகளுக்குப் பதிலாகத் திருவக்கரையின் கல்மரங்கள் வந்தன. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று கணிக்கப்படும் அம்மரங்கள் நம் வானூர் வட்டத்திலேயே கிடக்கின்றன. பள்ளிச் சுற்றுலாவில் அவற்றைப் பார்த்திராதவர் இங்கு அரிது. 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி ஏரியும் கதைக்குள் வந்தது.

பாத்திரம் தேர்ந்தெடுக்கும் நாளில்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழுந்தது. இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர். நுங்கு வெட்டப் பனையேறி, கைதவறி விழுந்தவர். முதுகுத் தண்டுவடம் முழுமையாகக் காயமுற்று, இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் இல்லை. விபத்து நடந்து ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. படங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு பறவை மனிதனிடம் நின்றார். ‘ஆரகோக்ரா’ எனப்படும் அவ்வினம் 1981 முதலே அந்த விளையாட்டின் நூல்களில் உண்டு. கழுகின் தலை, மனித உயரம், பரந்த இறக்கைகள். கால்கள் செயலிழந்த இளைஞருக்கு இறக்கைகளைக் கொடுப்பது முறையா, நடவாத ஒன்றை அவர் மனத்தில் வளர்ப்பதாகாதா என்று எங்களுள் சிலர் தயங்கினோம். தரையில் நிற்கும் வேறொரு வேடத்தைப் பரிந்துரைக்கவும் செய்தோம். அவர் கேட்கவில்லை. தம் பறவைக்குச் ‘செம்போத்து’ என்று பெயர் வைத்தார். இக்கட்டுரையிலும் அவரை அப்பெயராலேயே குறிப்பிடுகிறோம். செம்போத்தைக் கூர்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: அது பெரும்பாலும் புதருக்கடியில் நடந்தே திரியும்; பறப்பது குறைவு.

அவர் கேட்ட முதல் கேள்வி, ‘மேலேர்ந்து விழுந்தா என்ன ஆகும் சார்?’ என்பது.

விதி இருக்கிறது. 10 அடி உயரத்துக்கு ஓர் ஆறுமுகப் பகடை வீதம் உருட்டி, வரும் எண்ணைப் பாத்திரத்தின் உயிர்ப்புள்ளிகளில் கழிக்க வேண்டும். அதிக அளவு 20 பகடைகள். பறந்துகொண்டிருக்கையில் இயங்கவொட்டாமல் கட்டுண்டால் அந்தக் கணமே வீழ்ச்சிதான். கனத்த கவசம் பூண்டாலும் பறக்க இயலாது. 2015-இல் வந்த விதிப்படி இவ்வினம் ஆறு விநாடி கொண்ட ஒரு சுற்றில் 50 அடி பறக்கும். 2022-இல் அது 30 அடியாகக் குறைக்கப்பட்டது. பறக்கும் பாத்திரம் ஆட்டத்தின் தடைகளை எளிதில் தாண்டிவிடும் என்பதால் கதை நடத்துவோர் பலர் தொடக்கத்தில் அதை அனுமதிப்பதே இல்லை. நம் கட்டியக்காரர் அனுமதித்தார். ஆயினும் செம்போத்து பறக்கவில்லை. மூன்று வாரங்கள், இறக்கைகளை முதுகில் மடித்துக்கொண்டு, மற்றவர்களோடு சங்கராபரணி ஆற்றங்கரை வழியே நடந்தே வந்தார். கதையில் பள்ளம் வந்தால் சுற்றிப் போனார். மேடு வந்தால் பற்றி ஏறினார்.

இதைக் கவனித்தவர் எங்கள் இயன்முறை மருத்துவர். அதே வாரங்களில் செம்போத்து, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறும் பயிற்சியையும் தள்ளிப்போட்டு வந்தார். ஒருநாள் தோள்வலி என்பார். மறுநாள் தலைசுற்றல் என்பார். நாங்களும் அவற்றுக்கு மருந்து எழுதிக்கொண்டிருந்தோம். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் இடையிலுள்ள அரையடி இடைவெளியை அவர் என்னவாகப் பார்த்தார் என்பதை, மேசைமேல் மடித்து வைக்கப்பட்ட அந்த இறக்கைகளைக் கண்ட பிறகே ஊகித்தோம்.

மூன்றாம் வாரம், பக்கவாதத்திற்குச் சிகிச்சை பெற்றுவந்த முதியவர் ஒருவர் வேடிக்கை பார்க்க வந்து அமர்ந்தார். ஆண்டுதோறும் பாரதக் கூத்தை விடிய விடியக் கண்டவர். பேச்சு சற்றுக் குழறும். ஆயினும் சொல்ல வந்ததை விடமாட்டார். ‘ரெக்கை வேஷம் நமக்குப் புதுசா தம்பி? சடாயு இல்லையா, சம்பாதி இல்லையா?’ என்று தொடங்கி, சம்பாதியின் கதையைச் சொன்னார். தம்பி சடாயுவோடு சூரியனை நோக்கிப் பறந்தபோது, தம்பியைக் காக்கத் தன் இறக்கைகளை விரித்து மறைத்து, அவை தீய்ந்து கடற்கரை மலையில் விழுந்தவன் சம்பாதி. சீதையைத் தேடி வந்த வானரர்கள் வழியறியாது சோர்ந்திருந்தபோது, இருந்த இடத்திலிருந்தே இலங்கையைக் கண்டு சொன்னவனும் அவனே. சொன்னதும் இறக்கைகள் மீண்டும் முளைத்தன.

செம்போத்து எங்கள் பக்கம் திரும்பினார். ‘எனக்கும் மொளைக்குமா சார்?’

கூடம் அமைதியாயிற்று. ஐந்து மாதங்களாக அக்கேள்விக்கு நாங்கள் அளித்துவந்த விடை ‘பார்ப்போம்’ என்பதே. குடும்பத்தினர் கேட்டபோதும் அதுவே. அவர் மனம் தளர்ந்துவிடக் கூடாது என்பது எங்கள் நியாயம். சொல்வது எங்களுக்குக் கடினமாக இருந்தது என்பதும் உண்மை. அன்று மாலையே அவரையும் அவருடைய தாயாரையும் தனியறையில் அமர்த்திப் பேசினோம். முழுமையான காயத்தில், ஐந்து மாதங்களாக எந்த மாற்றமும் இல்லாத நிலையில், நடப்பதற்குரிய வலிமை கால்களுக்குத் திரும்பாது என்றே கருதுகிறோம் என்று சொன்னோம். கைகளின் வலிமை முழுவதும் இருப்பதால் தாமே நாற்காலிக்கு மாறவும், குளிக்கவும், வண்டி ஓட்டவும், தொழில் செய்யவும் இயலும் என்பதையும் சொன்னோம். இரண்டாவது பகுதியை அவர் கேட்டதாகத் தோன்றவில்லை. தாயார் மட்டும், ‘இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே ஐயா’ என்றார். அதற்கு எங்களிடம் விடை இல்லை.

அடுத்த இரண்டு செவ்வாய்க்கிழமைகள் அவர் வரவில்லை. எங்கள் உளநல ஆலோசகர் நாள்தோறும் சென்று பார்த்தார். மேசையில் அவருடைய இடம் காலியாக விடப்பட்டது. செம்போத்து கல்மரத்தடியில் உறங்குவதாகக் கட்டியக்காரர் கதையை நிறுத்தி வைத்தார்.

மூன்றாவது செவ்வாயன்று நாற்காலியில் வந்து சேர்ந்தார். கதையில் ஒரு செம்மண் பள்ளத்தாக்கு. அக்கரைக்குக் கயிறு கொண்டுபோக ஆள் வேண்டும். எவரும் அவரைப் பார்க்கவில்லை. ‘நான் போறேன்’ என்றார். 30 அடி எழும்பினார். பள்ளத்தின் நடுவில் எதிரி வீசிய வலை இறக்கைகளைச் சுற்றிக்கொள்ள, விதிப்படி வீழ்ந்தார். மூன்று பகடைகளையும் அவரே உருட்டினார்: 5, 4, 2. இருந்த 12 புள்ளிகளில் எஞ்சியது ஒன்று. மேசை முழுவதும் அதிர்ந்து நின்றபோது அவர் சிரித்தார். ‘உசுரு இருக்குதுல்ல? கயிறு எங்க விழுந்துது?’

மறுநாள் அவர் நாற்காலிக்கு மாறும் பயிற்சியைத் தொடங்கினார். இதைப் பகடையின் வெற்றி என்று எழுத எங்கள் மருத்துவ மனம் இடம்தரவில்லை. ஆலோசகரின் உழைப்பும், தாயாரின் பொறுமையும், ஒளிவின்றிச் சொல்லப்பட்ட அந்த உண்மையும் அதில் பங்குபெற்றிருக்கக்கூடும். ஆனால் அந்தக் கேள்வியை எங்களிடம் கேட்க அவருக்கு ஓர் இடம் அந்த மேசையில் கிடைத்தது. மருத்துவர்கள் வலம் வரும் பத்து நிமிடங்களில் அது கிடைக்கவில்லை.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். இறக்கை எல்லோருக்கும் பொருந்துவதில்லை. 2021-இல் வெளியான ‘கேண்டில்கீப் மிஸ்ட்ரீஸ்’ என்னும் தொகுப்பில், ஜெனிஃபர் கிரெட்ச்மர் எழுதிய கதையின் நிலவறை, சக்கர நாற்காலியில் செல்வோரும் புகும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. இதைக் கேட்டதும் செம்போத்து, ‘கதையிலயாவது நாற்காலி வேணாம் சார்’ என்றார். அதே மேசையிலிருந்த பெண்மணி ஒருவரோ, தம் பாத்திரத்துக்கு நாற்காலி கட்டாயம் வேண்டும், அதுவும் முள்ளில் பஞ்சராகாத சக்கரத்தோடு வேண்டும் என்றார். இருவருக்கும் கேட்டது கிடைத்தது.

வீட்டில் முயல விரும்பும் குடும்பத்தினருக்குச் சில குறிப்புகள். நூல்கள் வாங்கத் தேவையில்லை. அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 20 முகப் பகடை இல்லையெனில் 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளை ஒரு சொம்பிலிட்டு எடுக்கலாம். விரல்களில் வலுவில்லாதவர்களுக்கு இதுவே எளிது. முக்கால் மணி நேரத்துக்கு மேல் நீட்டாதீர்கள். தண்டுவடக் காயமுற்றவர் நாற்காலியில் அமர்ந்தால், 15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை முன்புறமோ பக்கவாட்டிலோ சாய்ந்து, சுமார் இரண்டு நிமிடங்கள் பின்புறத்தின் அழுத்தத்தைக் குறைத்தாக வேண்டும். இல்லையேல் படுக்கைப்புண் வரும். கதை சுவையாக இருக்கையில் மறந்துபோவது இதுதான். எங்கள் மேசையில் கட்டியக்காரர் மணி அடித்ததும், ‘இறகு உலர்த்தும் நேரம்’ என்று அனைவரும் சாய்கிறார்கள். சிறுநீர்க் குழாய் செலுத்தும் நேரத்தையும் ஆட்டத்துக்காகத் தள்ளிப்போடக் கூடாது. காய்ச்சலிலோ மனக்குழப்பத்திலோ இருப்பவரை ஆட வற்புறுத்தாதீர்கள். நோயாளி கதைக்குள்ளேயோ வெளியேயோ வாழப் பிடிக்கவில்லை என்று பேசினால், அதை வேடம் என்று விட்டுவிடாமல் உடனே எங்களிடம் சொல்லுங்கள்; வீட்டிலிருந்தால் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

செம்போத்து இப்போது வீட்டிலிருக்கிறார்; மாதம் ஒருமுறை, செவ்வாயாகப் பார்த்து, மறுபரிசோதனைக்கு வருகிறார். பகடையால்தானே பாண்டவர்கள் நாடிழந்தார்கள் என்று முதல் வாரத்தில் எங்களைக் கடிந்துகொண்ட அவருடைய தாயார், சென்ற மாதம் தமக்கும் ஒரு வேடம் கேட்டார். ‘பறக்கறதெல்லாம் வேணாம். தரையில மெதுவாப் போற மாதிரி ஒண்ணு குடுங்க’ என்றார். விதிநூல்களில் ஆமை மாந்தரும் உண்டு. அடுத்த செவ்வாய் அந்த ஆமை திருவக்கரைக்கு வந்து சேருகிறது.